கல்லறைத் தோட்டத்தில் ஜியோகேச்சிங் புதிர்: விடை ஆளுக்கு ஒரு இடத்தில் வருகிறது

செம்மண்_டீச்சர் எழுதியது:

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பங்குக் கோவிலின் பழைய கல்லறைத் தோட்டத்தை வைத்து ஒரு ஜியோகேச்சிங் புதிர் தயார் செய்திருக்கிறேன். வெளியிடும் முன் தெரிந்த சிலரிடம் கொடுத்துப் பார்த்தால், ஆளுக்கு ஒரு இடத்தில் போய் நிற்கிறார்கள். ஏன் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரையும் கல்லில் உள்ள உண்மையான ஆண்டுகளையும் இங்கே எழுத மாட்டேன், எழுதினால் புதிரே போச்சு. கீழே வரும் எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே அங்கே ஒரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். தேடிக் கண்டுபிடித்தவர்கள் உள்ளே இருந்த நோட்டில் பெயர் எழுதினார்கள். இன்று உலகம் முழுவதும் இப்படி லட்சக்கணக்கில் பெட்டிகள் இருக்கின்றன. அதில் புதிர் வகை என்று ஒன்று உண்டு. வரைபடத்தில் காட்டும் புள்ளியில் பெட்டி இருக்காது, கேள்விகளுக்கு விடை கண்டுபிடித்துக் கணக்குப் போட்டால்தான் உண்மையான இடம் வரும்.

செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்கள் கானாடுகாத்தானில் வீடு பார்த்து, ஆத்தங்குடிக் கல் வாங்கிக்கொண்டு, மெஸ்ஸில் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோவில் பார்க்கிற கிறிஸ்தவர்களும் ஓரியூர், சருகணி, இடைக்காட்டூர் என்று பெரிய இடங்களுக்குத்தான் போகிறார்கள். அதில் தப்பே இல்லை. ஓரியூர் 1693ல் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) உயிர் கொடுத்த மண். ஆனால் எங்களுடையது போன்ற சின்னப் பங்குகளின் கல்லறைத் தோட்டத்தில் எவ்வளவோ எழுதிக் கிடக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை. செம்புறாங்கல் சுற்றுச்சுவர், ஒரு பெரிய புளியமரம், கிழக்கு ஓரம் வெளிநாட்டுச் சாமியார்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் ஊர் உபதேசியார் (ஊராருக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர்) ஒருவர். சாமியார் கல்லில் லத்தீன், உபதேசியார் கல்லில் பழைய தமிழ் எண்கள். என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தருக்கும் அந்த எண்கள் படிக்க வரவில்லை. அவர்களுடைய பாட்டன் முப்பாட்டன் கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, எந்த ஆண்டு என்று தெரியாமல் நிற்கிறார்கள். இந்தப் புதிரை நான் போட்டதே அதற்காகத்தான். கிறிஸ்துமஸ் லீவுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிற பிள்ளைகள் போனைப் பிடித்துக்கொண்டாவது அந்தக் கல் முன்னால் வந்து குனிந்து படிக்கட்டும்.

புதிர் இதுதான். தொடக்கப் புள்ளி கோவில் அலங்கார வளைவு. அங்கிருந்து நான்கு தடயம். முதலாவது, அடிக்கல்லில் தமிழ் எண்ணில் இருக்கும் ஆண்டு. இரண்டாவது, சாமியார் கல்லறையில் ரோமன் எண்ணில் இருக்கும் ஆண்டு. மூன்றாவது, ஒரு குழந்தையின் கல்லறையில் தமிழ் வருஷப் பெயரும் மாதமும் இருக்கின்றன, அதை ஆங்கில ஆண்டாக மாற்ற வேண்டும். நான்காவது, ஒரு பீடத்தில் வெட்டியிருக்கும் புனிதர் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டும். இவற்றிலிருந்து வரும் இலக்கங்களைச் சேர்த்துத் தொடக்கப் புள்ளியோடு கூட்டினால் பெட்டி இருக்கும் இடம்.

10ஆம் அட்சரேகை எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. காரைக்குடி அதற்கு மேலே, தேவகோட்டை கீழே. பாடப் புத்தகத்தில் கோடாக மட்டும் பார்த்த ஒன்றை நடந்து தாண்டட்டும் என்று, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருணிக் கரையில் பெட்டி வைக்க எண்ணம்.

இப்போது நடந்தது. ஒரு பையன் தொடக்கப் புள்ளியிலேயே வழி தவறி, கோவிலுக்கு 300 மீட்டர் வடக்கே கண்மாய்க்குள் போனான். இன்னொருவர் வடக்கு 09° 60.042 என்று விடை கொண்டுவந்தார், அவர் போன் அதை ஏற்கவே இல்லை. எழுத்து எண்ணுவதில் எல்லோரும் வேறு வேறு எண் சொன்னார்கள். பழைய எண்ணைப் படிப்பதிலும் அப்படியே.

இரண்டாவது கேள்வி. இளைஞர் மன்றத்தில் சிலர், ஊருணியெல்லாம் வேண்டாம், கல்லறைத் தோட்டச் சுவர் இடுக்கிலேயே பெட்டியை வைத்தால் நிறையப் பேர் உள்ளே வருவார்கள் என்கிறார்கள். ஃபாதர் கல்லைப் படிக்க வருவதற்கு வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார். பெட்டி பற்றி இன்னும் கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரஸ்தாக்காரன் எழுதியது:

டீச்சர், அருமையான வேலை. நம்ம பக்கம் இப்படி ஒன்று வருவதே சந்தோஷம். நான் தேவகோட்டை ரஸ்தா ஊர்க்காரன். கொஞ்ச காலமாகப் பெட்டி தேடுகிறவன், அதனால் கணக்குப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

கண்மாய்க்குள் போன தம்பியிடம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிகிறது. ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். கூகுள் மேப்பில் 9.98745 என்று வரும். ஜியோகேச்சிங்கில் அதையே 09° 59.247 என்று பாகையும் நிமிடமுமாக எழுதுவோம். நிலத்து வரைபடம் பழகியவர்கள் 9 பாகை 59 நிமிடம் 14.8 விநாடி என்பார்கள். மூன்றும் ஒன்றுதான். உங்கள் தம்பி 59.247ஐ 59 நிமிடம் 24.7 விநாடி என்று போட்டிருப்பான். பத்து விநாடி வித்தியாசம் வரும், அது தரையில் ஏறக்குறைய 300 மீட்டர், அதுவும் நேர் வடக்கே. சரியாக உங்கள் கண்மாய். புதிர்ப் பக்கத்தில் முதல் வரியிலேயே, புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் ஆயிரத்தில் பங்கு, விநாடி அல்ல என்று எழுதிவிடுங்கள்.

09° 60.042 வந்தவர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். 59.247உடன் 0.795ஐக் கூட்டினால் 60.042 வரத்தான் செய்யும். நிமிடம் அறுபதானால் ஒரு பாகை ஏறும், ஆகவே அது 10° 00.042. கோட்டிலிருந்து 80 மீட்டர்கூடத் தள்ளியில்லை. முழுப் பாகைக் கோடு பக்கத்தில் இல்லாத ஊரில் இந்தச் சிக்கல் வராது, நம்ம ஊரில் கோடு நடுவில் போவதால் வருகிறது. இதை மாற்றாதீர்கள் என்றுதான் சொல்வேன். கோட்டைத் தாண்டும் கணமே அந்தக் கணக்கில் இருக்கிறது. குறிப்புப் பகுதியில் மட்டும் ‘அறுபது என்றால் அடுத்த படி ஏறு’ என்று ஒரு வரி போடுங்கள்.

அதைவிட முக்கியம், எந்தத் தடயத்தை எந்த இலக்கத்தில் வைக்கிறீர்கள் என்பது. நிமிடத்தில் புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் ஒன்று தவறினால் 185 மீட்டர் போய்விடும். மூன்றாவது இலக்கம் ஒன்று தவறினால் இரண்டு மீட்டருக்கும் கம்மி. அதனால் யார் படித்தாலும் ஒன்றே வரும் தடயத்தை முதல் இலக்கத்துக்கு வையுங்கள், தகராறு வரக்கூடியதை மூன்றாவதுக்குத் தள்ளுங்கள். எழுத்து எண்ணும் கேள்வி கடைசி இலக்கத்தில் இருந்தால், ஆறு என்றாலும் ஏழு என்றாலும் ஆள் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்பார். அதோடு எல்லா இலக்கத்தின் கூட்டுத்தொகையும் இத்தனை என்று ஒரு வரி கொடுங்கள். வீட்டிலேயே சரிபார்த்துக்கொண்டு கிளம்பலாம். ஜியோகேச்சிங் இணையதளத்திலேயே விடை சரியா என்று பார்க்கும் வசதியும் இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

விதியையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கப் புள்ளியிலிருந்து பெட்டி 3.2 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், உங்களுடையது அதற்குள் அடங்கிவிடும். வேறு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், நம்ம பக்கம் அந்தக் கவலையே இல்லை. அனுமதி இல்லாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இடத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதம் கட்டாயம். பெட்டி உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி டப்பாவாக, மேலே விளையாட்டுப் பெட்டி என்று தமிழில் எழுதி வையுங்கள். ஆள் தெரியாத பொட்டலம் என்று யாரும் பயப்படக் கூடாது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

டீச்சரம்மா, கல்வெட்டு பார்ப்பது எனக்குப் பழக்கம். உங்கள் முதல் தடயத்திலும் மூன்றாவதிலும்தான் என் மனம் போகிறது.

உண்மை ஆண்டு சொல்லவில்லை, சரி. 1894ஐ வைத்துப் பேசுவோம், இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்தின் ஆண்டு அது. இதைத் தமிழ் எண்ணில் இரண்டு விதமாக வெட்டியிருப்பார்கள். பழைய முறையில் ௲௮௱௯௰௪. ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, நான்கு என்று வாயால் சொல்கிற வரிசையிலேயே எழுதுவது. இதில் சுழியம் கிடையாது, தேவையும் இல்லை. இன்னொன்று ௧௮௯௪, ஆங்கில முறையைப் பார்த்து இடமதிப்பாக எழுதியது. இரண்டையும் அந்தக் காலத்துக் கற்களில் பார்க்கலாம். முதல் வகையைப் பார்க்கிற பிள்ளை ஆறு குறி இருக்கிறதே, ஆறு இலக்க எண்ணா என்று திகைக்கும். உங்கள் கல் எந்த வகை என்று மட்டும் புதிரில் ஒரு சொல்லில் காட்டிவிட்டால் போதும். ௲, ௱, ௰ மூன்றும் பெருக்கும் குறிகள் என்று தெரிந்தால் மீதியைப் பிள்ளைகளே படித்துவிடுவார்கள்.

ஆண்டுக்குப் பின்னால் ௵ என்று ஒரு குறி இருக்கும். அது வருஷம். ௴ மாதம், ௳ நாள். இவற்றையும் எண் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. உங்கள் சோதனைக்காரர்களில் ஒருவர் கட்டாயம் அப்படி எடுத்திருப்பார்.

மூன்றாவது தடயம் நுட்பமானது. கல்லில் ‘ஜய ௵ தை ௴’ என்று இருப்பதாக வையுங்கள். பஞ்சாங்கம் பார்த்தால் ஜய வருஷம் 1894 என்று கிடைக்கும், பிள்ளைகள் 1894 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ஜய வருஷம் பிறந்தது 1894 சித்திரையில். அதன் தை மாதம் வருவது 1895 ஜனவரியில். மார்கழிப் பாதியிலிருந்து பங்குனி முடிய எந்த மாதமாக இருந்தாலும் ஆங்கில ஆண்டில் ஒன்று கூடும். அறுபது வருஷச் சுற்று வேறு இருக்கிறது. ஜய என்றால் 1834, 1894, 1954 எதுவாகவும் இருக்கலாம், 2014ம் ஜயதான். எந்தச் சுற்று என்பதைக் கோவில் கட்டிய ஆண்டிலிருந்தோ பக்கத்துக் கற்களிலிருந்தோதான் அனுமானிக்க முடியும். புதிருக்கு இது நல்ல முடிச்சு. சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிடுங்கள், ரஸ்தா தம்பி சொன்ன கூட்டுத்தொகை காப்பாற்றும்.

எழுத்து எண்ணுவதற்கு ஒரு விதி நீங்களே சொல்லியாக வேண்டும். சூசையப்பர் என்ற பெயரை எடுங்கள். சூ, சை, ய, ப், ப, ர், இலக்கணப்படி ஆறு. புள்ளி எழுத்தை விட்டால் நான்கு. கம்ப்யூட்டரில் தட்டி எண்ணச் சொன்னால் துணைக்குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிப் பத்து என்கும். ‘மெய்யெழுத்தையும் சேர்த்து’ என்று இரண்டு சொல் போட்டால் தீர்ந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுத்து மங்கியிருக்கிறது என்று யாரும் கல்லில் மாவு தடவவோ, சாக்பீஸால் தேய்க்கவோ, கம்பி பிரஷ் போடவோ கூடாது என்று புதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் எல்லா எழுத்தும் தானாக எழும்பித் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். சுண்ணாம்புக் காரையில் வெட்டிய எழுத்து ஒரு தரம் தேய்ந்தால் திரும்ப வராது.

செம்மண்_டீச்சர் எழுதியது:

ஐயா, வருஷக் குறியை எண் என்று எடுத்தவர் இருக்கிறார், நீங்கள் சொன்னபடியேதான். எங்கள் அடிக்கல் பழைய முறை. தம்பி, கூட்டுத்தொகை யோசனை ரொம்பப் பிடித்திருக்கிறது. கோட்டைத் தாண்டும் கணக்கை வைத்துக்கொள்கிறேன். 1802ல் பரங்கிமலையில் தொடங்கி நாட்டையே அளந்த பெரும் முக்கோண அளவையைப் பற்றி வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் தெரியாது. இனி ஊருணிக் கரையில் நின்று சொல்லப் போகிறேன்.

பெட்டி எங்கே என்பதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

நார்விச்_தேவகோட்டை எழுதியது:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டை, இங்கே இங்கிலாந்தில் நார்விச் நகரில் மருத்துவமனை வேலை. நார்ஃபோக் மாவட்டத்தில் மட்டும் 600க்கு மேல் இடைக்காலக் கோவில்கள் இருக்கின்றன. நைட் டியூட்டி முடிந்த வார இறுதிகளில் நான் சுற்றுவது அந்தக் கோவில் தோட்டங்களைத்தான், அதனால் உங்கள் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கம்.

இங்கிலாந்தில் பங்குக் கோவில்களை வைத்தே ‘சர்ச் மைக்ரோ’ என்று ஒரு ஜியோகேச்சிங் தொடர் உண்டு. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இருக்கிறது. நான் பார்த்தவரை நல்லவற்றில் எல்லாம் ஒரே வழக்கம்தான். எண்களைக் கோவில் தோட்டத்தில் எடு, பெட்டியை வெளியே தேடு. உள்ளே போகிறவர் பாதையிலேயே நடந்து, கல்லறைக் கல்லையும் அறிவிப்புப் பலகையையும் போர் நினைவுத் தூணையும் படித்து எண் எடுப்பார். பெட்டி தெருவோரம் வேலிக்கம்பத்திலோ நடைபாதை முனையிலோ இருக்கும். கூரை போட்ட வாசல், அதற்குப் பக்கத்தில் எத்தனையோ நூறு வருஷத்து யூ மரம். வாசலில் பச்சைப் பலகை இருந்தால் உள்ளே போர்வீரர் கல்லறை இருக்கிறது என்று பொருள், அதிலிருந்து ஒரு எண் கேட்பார்கள். கோபுரச் சுவரின் அடியில் ஒரு கிடைக்கோடும் அதற்குக் கீழே அம்புக்குறியும் வெட்டியிருக்கும், நில அளவைக்காரர்கள் உயரம் குறித்தது. அதையும் கேட்பார்கள். ஒரு மணி நேரம் சுற்றினால் அந்த ஊரின் கதை பாதி தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கல்லறையையும் தொட்டிருக்க மாட்டோம்.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன தை மாதச் சிக்கல் இங்கேயும் இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். 1752க்கு முன் இங்கிலாந்தில் புது வருஷம் மார்ச் 25ல் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் இறந்தவர் கல்லில் 1731/2 என்று இரண்டு ஆண்டும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். பழைய கணக்கில் 1731, இன்றைய கணக்கில் 1732. ஒரு கோவில் புதிரில் நான் நெடுநேரம் முழித்தது இந்த மாதிரி ஒரு கல்லில்தான். நம்ம ஊர் உபதேசியார் கல்லும் இங்கே உள்ள உழவர் கல்லும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன.

பெட்டியை உள்ளே வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம் உண்டு. தென் கரோலினா மாநிலத்தில் 2005ல், எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கல்லறைகளிலும் வரலாற்று இடங்களிலும் ஜியோகேச்சிங் விளையாடினால் குற்றம் என்று ஒரு மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையைத் தாண்டவில்லை. ஆனால் அந்த அளவுக்குப் போனதே, கல்லறைகள் நடுவே ஆட்கள் சுற்றியதைப் பார்த்தவர்கள் மனம் புண்பட்டதால்தான்.

சுவர் இடுக்கில் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தால் தேடுகிறவர் ஒரு இடுக்கோடு நிற்க மாட்டார். செம்புறாங்கல் சுவரில் எத்தனை இடுக்கு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு கல்லையும் அசைத்துப் பார்ப்பார்கள். ஊருணிதான் சரி, அக்கா. ஃபாதரிடம் வாய்மொழி போதாது, ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவருக்குக் காட்ட வேண்டும்.

மெழுகுவர்த்தி எழுதியது:

டீச்சர், நான் இந்த விளையாட்டு ஆடியதில்லை. எங்கள் தாத்தா கோயில்பிள்ளையாக இருந்தவர், கல்லறைத் தோட்டத்தின் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். அந்த முறையில் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குழந்தை கல்லறையை விட்டுவிடுங்கள். சாமியாரும் உபதேசியாரும் ஊருக்குப் பொதுவானவர்கள். அடிக்கல்லும் பொது. குழந்தை ஒரு வீட்டுப் பிள்ளை. எவ்வளவு பழைய கல்லானாலும், நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று யாராவது ஒருவர் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார். அவர் நிற்கும்போது நாலு பேர் போனைப் பிடித்துக்கொண்டு வந்து எண் எடுத்தால் அவர் மனசு என்ன பாடுபடும்?

இன்னொன்று. திருநாளுக்கு முந்தின வாரம் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளை அடிப்பார்கள். வருஷா வருஷம் அடித்து அடித்து எழுத்துப் பள்ளமே மூடிப் போய்விட்டது எங்கள் ஊரில். சிலர் பெயிண்டில் எழுத்தை மேலே எழுதிவிடுகிறார்கள், எழுதுகிறவருக்குப் பழைய எண் தெரியாவிட்டால் ௮ அப்படியே ‘அ’ ஆகிவிடும். நீங்கள் போட்ட புதிருக்கு அடுத்த வருஷம் கல்லில் விடை இருக்குமா என்று பாருங்கள்.

செம்மண்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெட்டி விஷயம் முடிவாகிவிட்டது, ஊருணிக் கரைதான். இளைஞர் மன்றத்தில் நார்விச் தம்பியின் பதிலைப் படித்துக் காட்டினேன். சுவர்க் கல்லை அசைப்பார்கள் என்றதும் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஊருணி ஊர்ப் பொது என்பதால் பஞ்சாயத்திலும் ஒரு வார்த்தை கேட்கிறேன். ஃபாதர் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பூசை நேரத்திலும் அடக்கச் சடங்கு நடக்கும்போதும் யாரும் புதிர் தேடி உள்ளே வரக் கூடாது. அதைப் புதிர்ப் பக்கத்தில் முதல் வரியாகப் போடுகிறேன், விநாடி பற்றிய எச்சரிக்கைகூட அதற்குப் பிறகுதான்.

இலக்கங்களையும் மாற்றி அடுக்கிவிட்டேன். ரோமன் எண் முதல் இலக்கத்துக்குப் போய்விட்டது. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் லத்தீனில் அடுத்தடுத்து இருப்பதால், ‘ஓபியித்’ (இறந்தார்) என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதை எடு என்று குறிப்பு சேர்த்திருக்கிறேன். எழுத்து எண்ணுவது கடைசி இலக்கம், மெய்யெழுத்தையும் சேர்த்து.

மெழுகுவர்த்தி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். எனக்கு அதில் முழுச் சம்மதம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன். சாமியார் பெயர் மறைமாவட்டப் பதிவில் இருக்கிறது, உபதேசியார் பெயரை ஊரே சொல்லும். அந்தக் குழந்தைக்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு கல்தான். அதில் பெயருக்குப் பிறகு வருஷமும் மாதமும் மட்டும் இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வந்து, அந்தத் தை மாதம் எந்த ஆண்டு என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவமரியாதை என்று எனக்குத் தோன்றவில்லை. நான் அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் நான் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டு வாரிசுகள் ஊரில் இருக்கிறார்கள், பெரியவர் ஒருவர் இன்னும் மாலையில் கோவில் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் நேரில் கேட்கப் போகிறேன். அவர் சரி என்றால் மட்டும்தான் கல் புதிரில் இருக்கும், அதுவும் நவம்பர் முதல் வாரத்தில் புதிரை நிறுத்தி வைப்பேன். வேண்டாம் என்றால் கொடிமரத்தின் பழைய பீடத்திலும் தமிழ் வருஷம் வெட்டியிருக்கிறது, அதற்கு மாற்றிவிடுவேன். ஐயா சொன்ன முடிச்சு அதிலும் இருக்கிறது, அந்த மாதமும் மாசி.

வெள்ளை அடிப்பது பற்றி நீங்கள் சொன்னது எங்கள் ஊருக்கும் பொருந்தும். பங்குப் பேரவையில் பேசி, எழுத்து வெட்டிய பலகைக் கல்லை விட்டுச் சுற்றியுள்ள மேடைக்கு மட்டும் வெள்ளை அடிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் எல்லாக் கல்லையும் சாய்வெயிலில் படம் எடுத்து, பழைய எண்ணைப் பக்கத்தில் எழுதி ஒரு நோட்டுப் போடுகிற வேலையை ஒன்பதாம் வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். பெயிண்டில் எழுதுகிறவர் கையில் அந்த நோட்டு இருந்தால் ௮ தப்பிக்கும்.

ரஸ்தா தம்பி, ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த பிறகு உங்கள் போனோடு ஒரு தடவை வந்து நடந்து பார்க்க முடியுமா? ஊருணிக் கரையில் புளியமரங்கள் அடர்த்தி. என் போனில் இடம் பத்து மீட்டர் வரைக்கும் இங்கும் அங்கும் ஓடுகிறது. இரண்டு போனில் எடுத்துச் சராசரி பார்த்தால் நல்லது. வருவதாக இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், ஊர்ப் பெயரை அனுப்புகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.